சந்தனப் பொட்டு வைத்த டிஸ்க்

என் குரல் பெரிய குரல். தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் ஆண்டுக்கு நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து ஒப்பிக்கும் என்று தலைமையாசிரியர் கேலி செய்வார். கோபம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், சந்து முனைவரை போகும். என் தங்கச்சிக்குக் குரலே கிடையாது. பிறந்ததிலிருந்து அவள் உடம்பு அவள் சொன்னபடி கேட்டதில்லை. கை ஒரு பக்கம் இழுக்கும், கழுத்து ஒரு பக்கம் சாயும், வாயைத் திறந்தால் மூச்சுச் சத்தம்தான் வரும். காது நல்ல கூர்மை. புத்தி அதைவிடக் கூர்மை. சரி என்றால் கண்ணை மேலே தூக்குவாள், இல்லை என்றால் இறுக மூடிக்கொள்வாள். இருபது வயது தாண்டும்வரை அவளுக்கு இருந்த மொழி அவ்வளவுதான்.

நான் சொல்வது எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்பா போன பிறகு எஸ்டேட்டை விட்டு வந்து, அம்மா, நான், தங்கச்சி மூவரும் மலாக்கா நகரத்துக் காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்குப் போகும் சந்தில், ஒரு பழைய வீட்டின் பாதியில் வாடகைக்கு இருந்தோம். மறுபாதியில் வீட்டுக்காரம்மா. அவர் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர் வழி. திருநீறு எங்களைவிடப் பட்டையாகப் பூசுவார், ஆனால் பேச்சு முழுக்க மலாய். அதனால் நாங்களும் அவரிடம் மலாய்தான் பேசுவோம். ஒரே வீட்டைப் பலகை அடித்து இரண்டாக்கியிருந்ததால் கரண்டுக்கு மெயின் சுவிட்ச் ஒன்றுதான், அது அவர் பக்கத்தில் இருந்தது.

தங்கச்சியை வாரத்துக்கு இரண்டு முறை ஒரு நல்வாழ்வு மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவோம். அங்கே சேவை செய்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டரை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். டீவியில் மாட்டிக்கொள்வது. கூடவே ஒரு டிஸ்க் டிரைவ், கன்னத்தால் அமுக்கக்கூடிய ஒரு பெரிய பொத்தான், ஒரே ஒரு டிஸ்க். அந்த டிஸ்கைப் போட்டால் திரையில் ஆங்கில எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். வெளிச்சக் கட்டம் ஒன்று வரிசைகளின் மேல் இறங்கிக்கொண்டே வரும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் தங்கச்சி கன்னத்தால் பொத்தானை அமுக்குவாள். பிறகு அது எழுத்து எழுத்தாக நகரும். வேண்டிய எழுத்தில் மறுபடியும் ஓர் அமுக்கு. எழுத்து கீழே போய் உட்காரும். அவளுக்குத் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆக, ஆங்கில எழுத்தில் தமிழைப் போட்டாள்.

முதல் நாள் என்ன எழுதப் போகிறாளோ என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வரி எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. “காப்பிக்குச் சீனி பத்தலை” என்று வந்தது. அடிப்பாவி, இத்தனை வருஷமும் சீனி பத்தாத காப்பியைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்! அம்மா அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே போய்ச் சீனி டப்பாவை எடுத்து வந்தார். அதற்குப் பிறகு அவள் வாயை மூடவே இல்லை என்று சொல்வேன். டீச்சர் வேலையில் நான் செய்யும் தப்பு, அம்மா குழம்பில் செய்யும் தப்பு, பக்கத்து வீட்டு வானொலி, எல்லாவற்றுக்கும் ஒரு வரி வைத்திருந்தாள்.

அப்படி ஒரு வருஷம் போனது. சரஸ்வதி பூஜை வந்தது.

டிஸ்க் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்புச் சட்டை போட்ட சதுரம். வளைந்து கொடுக்கும். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய வட்டத் தகடு. சட்டையின் ஓரத்தில் நீளவாக்காக ஒரு சின்ன ஜன்னல் வெட்டியிருக்கும், அதன் வழியாகத் தகடு தெரியும். டிரைவ் அந்த ஜன்னல் வழியாகத்தான் படிக்கும். விரல்கூடப் படக்கூடாது. இதை நான் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். பள்ளிப் பூஜைக்கு ஓடிக்கொண்டிருந்தேன், சொல்லத் தோன்றவில்லை.

அம்மா வழக்கம்போல எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார். தையல் மெஷினுக்கு, என் புத்தகங்களுக்கு, அரிவாள்மனைக்கு, கம்ப்யூட்டரின் நெற்றிக்கு. கடைசியில் டிஸ்கை அதன் காகித உறையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்திருக்கிறார். உறைக்குப் பொட்டு வைத்தால் உள்ளே இருக்கும் பொருளுக்குப் போகாதாம். கறுப்புச் சட்டை வழவழப்பு, சந்தனம் ஒட்டவில்லை. ஜன்னலில் ஒட்டியிருக்கிறது. அங்கேயே அழகாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். நான் வீடு திரும்பியபோது அது சாமிப் படத்துக்கு முன்னால், மல்லிகைப்பூவோடு, காய்ந்துபோய் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்துவிட்டார்.

“ஏம்மா இப்படிப் பண்ணுன? இதுக்கெல்லாமா பொட்டு வைப்பாங்க?”

“உன் தங்கச்சி பேசுறதே இந்தத் தட்டுலதானேடி,” என்றார் அம்மா, முகம் வெளிறிப்போய். “சரஸ்வதி இதுலதான் இருக்கா. இதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கச் சொல்ற?”

அதற்கும் எனக்கு வந்ததெல்லாம் இன்னும் கொஞ்சம் கத்தல்தான்.

ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தேன். சந்தனம் போனது, ஆனால் தகட்டில் மங்கலாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. டிரைவில் போட்டால் முன்பு சன்னமாக ஓடிய சத்தம் இப்போது கரகரவென்று தேய்த்தது. பிழை என்று வரும். எடுத்து மறுபடியும் போட வேண்டும். சில நாள் ஏறும், சில நாள் மத்தியானம்வரை ஏறாது. ஏறாத நாளில் தங்கச்சி கண்ணை மேலேயும் தூக்காமல் மூடவும் செய்யாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். பேசக் கற்றுக்கொண்டவளிடமிருந்து பேச்சைப் பறிப்பது, முதலிலேயே இல்லாமல் இருப்பதைவிடக் கொடுமை.

அந்த வெள்ளைக்காரப் பெண்மணியின் முகவரி மையத்தில் இல்லை. டிஸ்கைத் தயாரித்தவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், இன்னும் இருக்கிறார்களா என்பதே தெரியவில்லை. இன்னொரு டிஸ்க் கிடைக்க ஒரே வழி, இருப்பதைக் காப்பி எடுப்பது. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையின் மாடியில் கேம் டிஸ்க் காப்பி போட்டு விற்கும் ஒருவர் இருப்பதாகப் பள்ளியில் சொன்னார்கள். துணிக்கடைக்காரரின் மகன். முப்பது வயது இருக்கும், மீசையைவிடக் கண்ணாடி பெரிதாக இருக்கும். டிஸ்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“என்ன டீச்சர் இது, மஞ்சளா இருக்கு?”

“சந்தனம்,” என்றேன். “சிரிச்சீங்கன்னா தெரியும்.”

அவர் சிரிக்கவில்லை. சாதாரணமாகக் காப்பி போட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. சந்தனம் மட்டும் காரணமில்லையாம். யாரும் காப்பி எடுக்கக்கூடாது என்று தயாரித்தவர்களே டிஸ்கில் பூட்டுப் போட்டிருக்கிறார்களாம், கேம் டிஸ்குக்குப் போடுவது மாதிரி. பேச முடியாத பிள்ளைகளுக்குச் செய்த டிஸ்குக்கு எதற்கய்யா பூட்டு என்று அவரிடமே கத்தினேன். பாவம், பூட்டுப் போட்டது அவரா?

பூட்டைச் சுற்றிக்கொண்டு போக அவரிடம் ஒரு வழி இருந்தது. அலமாரியைத் திறந்து ஒரு பச்சைக் கார்டைக் காட்டினார். கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் செருகுவது. அதிலிருந்து ஒரு தட்டை ஒயர் வெளியே வரும், ஒயரின் முனையில் ஒரு குட்டிப் பொத்தான்.

“டிஸ்க்க நாம காப்பி எடுக்கல டீச்சர். டிஸ்க்கு மெஷின்ல ஏறிடுச்சுன்னா, எல்லாம் மெஷின் மண்டைக்குள்ள வந்துடும். அங்க பூட்டு இல்ல. இந்தப் பொத்தான அமுக்குனா மெஷின் அப்படியே ஸ்தம்பிச்சு நிக்கும். மண்டைக்குள்ள அந்த நிமிஷம் என்னென்ன இருக்கோ, எல்லாத்தையும் அள்ளிப் புது டிஸ்க்குல போட்டுடும்.”

“அப்ப இப்பவே போடுங்க.”

போட முடியாது. டிஸ்கில் இருந்த புரோகிராம் தங்கச்சியின் கன்னப் பொத்தான் செருகியிருந்தால்தான் ஏறும், அந்தப் பொத்தானின் பிளக் கடை மெஷினில் பொருந்தாது. எங்கள் மெஷினில், எங்கள் வீட்டில்தான் செய்ய வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. கார்டைச் செருகும்போது மெஷின் அணைந்திருக்க வேண்டும். கரண்ட் ஓடும்போது செருகினால் கார்டும் போகும், மெஷினும் போகும்.

“அணைக்கணுமா?” என்று கத்தினேன். ஏனென்றால் அன்று காலை டிஸ்க் ஒருவழியாக ஏறியிருந்தது. எத்தனையோ முறை போட்டு எடுத்து, கடைசியில் ஏறியதும் நான் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன், இனி மெஷினை அணைக்கவே கூடாது என்று. அணைத்தால் அந்தத் தேய்ந்த டிஸ்கை மறுபடியும் ஏற்ற வேண்டும். அது ஏறுமா?

“ஏறலாம், ஏறாமலும் போகலாம்,” என்றார் அவர். “நான் சத்தியம் பண்ண மாட்டேன் டீச்சர்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் நிம்மதியாக இல்லை. மெஷின் பகலும் இரவும் எரிந்தது. மூடியைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நாங்கள் வேர்த்துக்கொண்டு கிடந்தோம். அது மழைக்காலம். மத்தியானம் ஆனால் கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வரும். எங்கள் ஊரில் இடி இடித்தால் முதல் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும்: சுவிட்சையெல்லாம் அடைத்து அணைப்பது. எஸ்டேட்டில் இடி விழுந்து ஒரு வீட்டு வானொலி வெடித்ததை அம்மா கண்ணால் பார்த்தவர். வானம் லேசாக உறுமினாலே கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். நான் மெஷின் சுவிட்சின் மேல் அட்டையை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினேன். அது போதாதென்று வீட்டுக்காரம்மாவின் மெயின் சுவிட்ச் வேறு. அவரிடம் போய், இடி இடித்தாலும் மெயினை இறக்க வேண்டாம், தங்கச்சியின் பேச்சு அந்தக் கரண்டில்தான் இருக்கிறது என்று மலாயில் கெஞ்சினேன். அவர் என் கையைத் தட்டி, “தாக் அப்பா, தாக் அப்பா,” பரவாயில்லை, நான் தொடமாட்டேன் என்றார். ஆனாலும் ஒவ்வொரு இடிக்கும் அவர் பக்கத்துப் பலகையில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

நான் பள்ளிக்குப் போனால் அம்மா சுவிட்சுக்கு ஜாகா, காவல். அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனால் நான். ஒருவரையொருவர் நம்பவில்லை என்பதுதான் உண்மை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். சந்தனம் என்ற வார்த்தையை அம்மா வீட்டிலேயே சொல்வதில்லை. கோயிலில் கொடுத்தால்கூட வாங்கி மடித்து வைத்துக்கொண்டு வந்தார், நெற்றியில் வைக்கவில்லை.

டிஸ்க் காப்பி போடும் கடைக்காரர் ஒருநாள் வீட்டுக்கே வந்தார். மெஷினைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

“இப்படியே விட்டா வெந்துடும் டீச்சர். அதுக்கு முன்னாடி எப்படியும் ஒருநாள் கரண்ட் போகும். போனா அந்த டிஸ்க்க ஏத்தித்தான் ஆகணும். ஏத்துறதுதான் ஏத்துறோம், கார்டு உள்ள இருக்கும்போதே ஏத்துவோம். ஒரே தடவ ஏறுனா போதும்.”

“ஏறலன்னா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சொன்னது நியாயம்தான், அதனால்தான் எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது. நாங்கள் மூவரும் நின்றபடியே பேசி முடிவு செய்தோம். தங்கச்சி தன் நாற்காலியில், டீவிக்கு முன்னால், எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பசியாறிவிட்டு வருவதாகச் சொன்னார் அவர். காலையில் மழை இருக்காது என்று கணக்கு.

சனிக்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது.

அவர் மோட்டார் சைக்கிளைச் சந்து முனைக் கோயில் கொட்டகையில் நிறுத்திவிட்டு, கார்டை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சந்தில் ஓடி வந்தார். இன்னொரு நாள் பார்க்கலாமா என்றார் அம்மா. அந்தப் பேச்சை மெஷினே முடித்து வைத்தது. சூட்டில் திரையின் ஓரத்து எழுத்துகள் தாமாகவே கலைய ஆரம்பித்திருந்தன. நான் பிளாஸ்திரியைப் பிய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு அடைத்தேன். டீவியில் எழுத்தெல்லாம் ஒரு கோடாகச் சுருங்கி, ஒரு புள்ளியாகி, போய்விட்டது. தங்கச்சியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

அவர் கார்டைச் செருகினார். நேராக உட்காரவில்லை, எடுத்துத் துடைத்துத் திரும்பச் செருகினார். நான் சுவிட்சைப் போட்டேன். டிஸ்கை உள்ளே விட்டு டிரைவின் கதவை மூடினார். கரகரவென்று தேய்த்தது. பிழை.

எடுத்தார். பஞ்சில் மருந்து தொட்டு ஜன்னலை ஒற்றினார். போட்டார். கரகர. பிழை. அவர் நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. நான் அதுவரை வேண்டாத சாமியில்லை. மறுபடியும். இந்த முறை தேய்ப்பு நின்றது, ஓடியது, நின்றது, திரும்ப ஓடியது, நின்றுவிட்டது. பிழை.

“ஐயோ,” என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பேசாம இருங்க,” என்று நான் கத்தினேன், யாரும் பேசாதபோதே.

அவர் டிரைவின் கதவை மூடி, கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பின்னாளில் கேட்டேன், தெரியாது டீச்சர், வேறென்ன செய்வது என்றார். கரகரவென்று தேய்த்தது. தேய்த்துக்கொண்டே இருந்தது. விளக்கு அணைந்து எரிந்து அணைந்து எரிந்தது. பிறகு திரை கறுத்தது, எழுத்துகள் வந்தன. எல்லா எழுத்தும், வரிசை வரிசையாக. வெளிச்சக் கட்டம் நகரத் தொடங்கியது.

“அமுக்குங்க! அந்தப் பொத்தான அமுக்குங்க!” என்றேன்.

அவர் சட்டைப் பையைத் தடவினார். காற்சட்டைப் பையைத் தடவினார். பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து உதறினார். எனக்குப் புரிந்துவிட்டது.

“வெறும் டிஸ்க்கு... மோட்டார் ராகாவுல இருக்கு டீச்சர்.”

காப்பி எடுக்கப் புது டிஸ்க் வேண்டாமா? கார்டை நனையாமல் கொண்டுவந்த மனிதர் டிஸ்க் பெட்டியைக் கோயில் கொட்டகையிலேயே மோட்டாரின் கூடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் அந்தத் திட்டை வாங்கிக்கொண்டே மழையில் இறங்கி ஓடினார்.

அவர் தலை மறைந்ததும் கோயில் பக்கம் மின்னல் வெட்டியது. வீடே குலுங்கும்படி இடி. விளக்கு மங்கியது. டீவியில் எழுத்துகள் எல்லாம் ஒருமுறை சுருங்கி விரிந்தன. அம்மா எழுந்தார். சத்தியமாக அவருக்கு நினைவே இல்லை. கண் எங்கோ இருக்க, கை சுவிட்சைப் பார்த்து நீண்டுகொண்டு போனது.

“அம்மா! கைய எடு!”

அப்படி ஒரு கத்தலை நான் வாழ்க்கையில் கத்தியதில்லை. அம்மா தீயைத் தொட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். நான் ஓடிப்போய்ச் சுவிட்சின் மேல் முதுகை வைத்து நின்றேன்.

“இன்னும் என்னம்மா பாக்கி? சந்தனம் வெச்சிப் பாதிப் பேச்ச அழிச்ச. மீதியையும் அணைச்சிடணுமா?”

சொல்லியிருக்கக் கூடாது. அம்மா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். “ஆமாடி, நான்தான் அழிச்சேன், நான்தான் பாவி, என் கையில கொள்ளி வைக்க!” என்று அழுதார். “அடிச்சிக்காதம்மா!” என்று அதற்கும் கத்தினேன். பிறகு பலகையைத் தட்டி, “மெயினைத் தொடாதீங்க!” என்று வீட்டுக்காரம்மாவுக்கு மலாயில் கத்தினேன். மழை, இடி, அம்மாவின் அழுகை, என் கத்தல். எல்லாம் எத்தனை நேரம் என்று தெரியாது. கடைக்காரர் திரும்பி வந்தபோது என் தொண்டை கம்மிவிட்டிருந்தது.

சட்டைக்குள்ளிருந்து டிஸ்கை எடுத்தார், நனையவில்லை. கையை என் கைத்துண்டில் துடைத்தார். பழைய டிஸ்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். திரையைப் பார்க்கவில்லை, யாருமே பார்க்கவில்லை. எல்லாரும் அந்தக் குட்டிப் பொத்தானையே பார்த்தோம். அமுக்கினார்.

திரை செத்துப்போனது. டிரைவில் விளக்கு எரிந்தது. சன்னமான சத்தம், சந்தனத்துக்கு முன்பு கேட்ட அதே சத்தம். அது ஓடிக்கொண்டே இருந்தது. ஓடி, நின்றது. நின்ற அதே கணத்தில், அல்லது நிற்பதற்கு ஒரு கணம் முன்பு, படீரென்று வீடு இருண்டது.

கரண்ட் போய்விட்டது.

“எழுதிடுச்சா?” என்றேன்.

“தெரியல டீச்சர்.”

“விளக்கு அணைஞ்சப்புறம் போச்சா, எரியும்போது போச்சா?”

“தெரியல.”

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வீட்டுக்காரம்மா பதறிக்கொண்டு, “புக்கான் சாயா! புக்கான் சாயா!” என்றார். நானில்லை, நானில்லை என்று. சந்து முழுக்க இருட்டாகத்தான் இருந்தது. அவர்மேல் பழி போடக்கூட வழியில்லை.

மழை வெளிச்சத்தில் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். புது டிஸ்க் என் மடியில் இருந்தது. பழையதைக் கடைக்காரர் வீட்டு ஜன்னலோரம் தூக்கிப் பார்த்து, என்னிடம் நீட்டினார். தழும்பு இருந்த இடத்தில் பழுப்பு உரிந்து, அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. அது முடிந்துவிட்டது. இனி என் மடியில் இருப்பதில் ஏதாவது இருந்தால் உண்டு, இல்லையென்றால் என் தங்கச்சி ஆயுசுக்கும் கண்ணைத் தூக்கியும் மூடியும் காலம் தள்ள வேண்டியதுதான். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா மட்டும் போய் அவள் வாயோரம் துடைத்துவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிக் கரண்ட் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நான்தான் சுவிட்சையும் புது டிஸ்கையும் போட்டேன். டிரைவ் சன்னமாக ஓடியது. தேய்ப்பு இல்லை, பிழை இல்லை. எழுத்துகள் வந்தன. வெளிச்சக் கட்டம் ஒன்றுமே நடக்காத மாதிரி வரிசை வரிசையாக இறங்கியது.

அவர் ஓவென்று கத்திக் கையைத் தட்டினார். அம்மா தரையில் விழுந்து கும்பிட்டார். நான் அழுதேன், மறைப்பதற்கென்ன.

“டீச்சர்,” என்றார் அவர் கொஞ்ச நேரம் கழித்து, “கீழ ஏதோ எழுதியிருக்கே.”

எழுத்துகளுக்குக் கீழே, அவள் எழுதும் இடம் வெறுமையாக இருக்க வேண்டும். இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழ், அவள் எழுதுகிற மாதிரியே.

“என்னடி போட்டிருக்கு?” என்றார் அம்மா. அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது.

நான் படித்தேன். “அக்கா கத்தாதே நான்.”

கடைக்காரர்தான் முதலில் புரிந்துகொண்டு சொன்னார். பொத்தானை அமுக்கிய நிமிஷத்தில் மெஷினுக்குள் இருந்தது எல்லாம் டிஸ்குக்கு வந்துவிட்டது, அதுவும் சேர்ந்து. அவர் மழையில் ஓடிய நேரமெல்லாம், நானும் அம்மாவும் அடித்துக்கொண்ட நேரமெல்லாம், அவள் கன்னத்தால் ஒவ்வோர் எழுத்தாக அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வோர் அமுக்குக்கும் மெஷின் டிக் என்று சத்தம் போடும். எங்கள் யாருக்கும் அது கேட்கவில்லை.

நான் அவளுக்கு முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். “நான்னு நிக்குது. நான்... அப்புறம் என்னம்மா சொல்ல வந்த?”

அவள் கன்னத்தைப் பொத்தானில் சாய்த்தாள். கட்டம் இறங்கியது, நகர்ந்தது. டிக். இறங்கியது. டிக். அந்த வீட்டில் அதற்கு முன்பு அப்படி ஓர் அமைதி இருந்ததாக எனக்கு நினைவில்லை. வரி முழுசாக வந்தபோது நான் சத்தமில்லாமல்தான் படித்தேன்.

“அக்கா கத்தாதே நான் இங்கதான் இருக்கேன்.”

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவளுடைய பேச்சைக் காப்பாற்றுகிறோம் என்று வாரக்கணக்கில் பேசினோம், சண்டை போட்டோம், முடிவு செய்தோம். அணைக்கலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். அம்மா அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

கடைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கார்டின் பொத்தானைக் கையில் எடுத்தார். “அந்த வரிய அழிச்சிட்டுச் சுத்தமா இன்னொரு காப்பி போட்டுக் குடுத்துடுறேன் டீச்சர். இல்லாட்டி நீங்க தினமும் மெஷின் போடும்போது முதல்ல ‘அக்கா கத்தாதே நான்’னுதான் வந்து நிக்கும்.”

“போடுங்க,” என்றேன்.

தங்கச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தாள். கன்னத்தைச் சாய்த்தாள். நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

“வேண்டாம். இருக்கட்டும். தினமும் தேவைப்படும்.”